கணவாய்க்குள் ஓர் ஊர்

"சொக்சோவுக்கா போனீங்க? அங்கே எதுவுமே அசல் கிடையாதே" என்றார் என் எதிர் மேசைக்காரர். திங்கட்கிழமை காலை, காபி இயந்திரத்துக்குப் பக்கத்தில் நடந்த பேச்சு. மனிதர் வம்புக்காகச் சொல்லவில்லை. சியோலில் பிறந்து வளர்ந்தவர், சின்ன வயதிலிருந்தே குடும்பத்தோடு அந்த ஊருக்குப் போய் வருபவர். விரல் விட்டு எண்ணவும் தொடங்கிவிட்டார். அபாயி கிராமத்தில் கணவாய் மீனுக்குள் அரிசி அடைத்து விற்கிறார்களே, அதை வடகொரியப் பண்டம் என்கிறார்கள். வடக்கில் அப்படி ஒன்றை யாரும் செய்ததில்லை. குளிர் நூடுல்ஸ் மேல் வைத்துத் தருகிற மீன் ரஷ்யாவிலிருந்து வருகிறது. கம்பியைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும் அந்தப் படகு இருக்கிறதே, மேலே நிமிர்ந்து பார்த்தால் பாலம் தெரியும். படகு சும்மா போட்டோவுக்கு. அந்தக் கடைத்தெருவுக்குக் கூட்டம் வந்ததே 2000-ல் ஒரு டிவி சீரியலை அங்கே படம் பிடித்த பிறகுதான். "அடுத்த தடவை காங்நுங் போங்க, காபியாவது நல்லா இருக்கும்" என்று சொல்லிவிட்டு மீட்டிங்குக்குக் கிளம்பிப் போனார்.

அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. தொந்தரவே அதுதான். பொய்யாக இருந்தால் மறுத்துவிட்டு வேலையைப் பார்த்திருப்பேன். நான் சொக்சோவில் சாப்பிட்டது, ஏறியது, படமெடுத்தது எல்லாமே அவருடைய பட்டியலில் இருந்தன. ஆனாலும் ஏமாந்துவிட்டோம் என்று எனக்குத் தோன்றவில்லை. ஏன் தோன்றவில்லை என்பதைத்தான் அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

சியோல் பக்கம் வேலை பார்க்கிறவர்களுக்குச் சொக்சோ வெள்ளி இரவு கிளம்பி ஞாயிறு இரவு திரும்புகிற ஊர். கிழக்குக் கடற்கரையில், எண்பதாயிரம் பேர் சொச்சம் வாழும் சிறு நகரம். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் சொராக் மலை. முன்பெல்லாம் மலையைச் சுற்றிச் சுற்றி ஏறி இறங்க வேண்டும். 2017 ஜூன் கடைசியில் சியோல் - யாங்யாங் விரைவுச்சாலை முழுதாகத் திறந்த பிறகு, நெரிசல் இல்லையென்றால் இரண்டரை மணி நேரத்தில் போய்விடலாம். வழியில் ஒரு சுரங்கம் வருகிறது, சுமார் 11 கிலோமீட்டர். ஓட்டுபவர்கள் தூங்கிவிடக் கூடாது என்று உள்ளே வண்ண விளக்குகள் போட்டிருக்கிறார்கள். என் கணவர் ஓட்டுநர் இல்லை, பஸ் பயணி. அதனால் நன்றாகத் தூங்கினார்.

எல்லோரும் செய்வதை நாங்களும் செய்தோம். ஜுங்காங் சந்தையில் தக்காங்ஜோங் வாங்க வரிசையில் நின்றோம். பொரித்த கோழியை இனிப்பும் காரமுமான பாகில் புரட்டி அட்டைப்பெட்டியில் தருவது. ஆறினாலும் மொறுமொறுப்பு போகாது. ஞாயிறு மதியம் பஸ் நிலையத்தில் பாதிப் பேர் கையில் அந்தப் பெட்டிதான். சொராக் மலைக்கு அரை நாள் ஒதுக்கியது போதவில்லை. கேபிள் காருக்கு நின்ற வரிசையிலேயே அதில் பாதி போய்விட்டது. அங்கிருந்து பார்த்த உல்சான் பாறையைப் பற்றி மட்டும் சொல்லிவிடுகிறேன். கும்காங் மலையை உருவாக்கியபோது நாட்டிலுள்ள அழகான பாறைகளுக்கெல்லாம் அழைப்பு போனதாம். தெற்கே உல்சானில் இருந்த இந்தப் பாறையும் கிளம்பியது. உடம்போ கனம், நடையோ மெதுவு. சொராக் வரை வந்து சேர்வதற்குள் கும்காங்கில் இடமெல்லாம் நிரம்பிவிட்டது. ஊருக்குத் திரும்பிப் போகவும் வெட்கம், அதனால் இங்கேயே உட்கார்ந்துவிட்டது. கும்காங் மலை இன்று வடகொரியாவில் இருக்கிறது. வடக்கே போகக் கிளம்பிப் பாதி வழியில் உட்கார்ந்துவிட்ட ஒரு பாறை ஊருக்குப் பின்னால் நிற்கிறது என்பதை, கீழே மணலில் குடியேறியவர்களின் கதை தெரிந்த பிறகுதான் மறுபடி நினைத்துப் பார்த்தேன்.

அசல், நகல் என்று பேச்சு வந்ததால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2016 ஜூலையில் இந்த ஊர் திடீரென்று உலகச் செய்தியானது. போக்கிமான் கோ விளையாட்டு தென்கொரியாவில் இன்னும் வெளியாகாத நேரம். அந்த நிறுவனம் வரைபடத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்ததில் சொக்சோ பக்கம் மட்டும் தென்கொரியக் கணக்கில் வராமல் வடக்கோடு சேர்ந்துகொள்ள, சொக்சோவிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் விளையாட்டு ஓடியது. சியோலிலிருந்து பஸ் டிக்கெட் கிடைக்காத அளவுக்குக் கூட்டம். கடற்கரைக்கு வந்தவர்கள் கடலைப் பார்க்காமல், இல்லாத பிராணிகளைப் போனில் பிடித்துக்கொண்டிருந்தார்கள். எதிர் மேசைக்காரர் இதைத் தன் பட்டியலில் சேர்க்க மறந்துவிட்டார். என்னைக் கேட்டால் அந்தத் தவறு அவ்வளவு தவறில்லை. இந்த ஊர் 38-வது அட்சரேகைக்கு வடக்கே இருக்கிறது. 1945 முதல், 1950-ல் கொரியப் போர் தொடங்கும் வரை வடகொரியாவின் பகுதியாகவே இருந்தது. போருக்குப் பிறகுதான் தெற்கோடு சேர்ந்தது.

மணல்திட்டு

சொக்சோவின் நடுவில் சோங்சோ என்றொரு உப்பங்கழி ஏரி. ஏரிக்கும் கடலுக்கும் நடுவே ஒரு மணல்திட்டு. அங்கே யாரும் வீடு கட்டியதில்லை. தோண்டினால் உப்புத் தண்ணீர், பெரிய அலை வந்தால் வீடு போகும். 1950 குளிர்காலத்தில் சீனப்படை இறங்கி, போர்முனை தெற்கே தள்ளப்பட்டபோது, வடக்கே ஹாம்கியோங் மாகாணத்திலிருந்து மக்கள் படகிலும், பின்வாங்கிய ராணுவத்தோடும் தெற்கே வந்தார்கள். சில நாளில் திரும்பிவிடலாம் என்று வயதானவர்களையும் குழந்தைகளையும் விட்டுவிட்டு வந்தவர்கள் பலர். போர்முனை மறுபடி வடக்கே நகர்ந்ததும் அவர்களும் பின்னாலேயே நகர்ந்து, ஊருக்கு எவ்வளவு பக்கமாக முடியுமோ அவ்வளவு பக்கமாக வந்து நின்ற இடங்களில் ஒன்று சொக்சோ. வழி திறந்ததும் முதலில் கிளம்ப வேண்டும் என்ற கணக்கு. யாருக்கும் சொந்தமில்லாத மணல் என்பதால் அங்கே குடிசை போட்டார்கள். சில நாளைக்குத்தானே, எதற்குக் கல்லும் மண்ணும்? 1953 ஜூலையில் போர்நிறுத்தக் கோடு வடக்கே, பஸ்ஸில் ஒரு மணி நேரத் தொலைவில் வந்து நின்றது. கோட்டுக்கு அந்தப் பக்கம் ஊர். இந்தப் பக்கம் இவர்கள்.

அபாயி என்றால் ஹாம்கியோங் வழக்கில் வயதில் பெரியவரை, அப்பா தாத்தா முறை உள்ளவரைக் கூப்பிடும் சொல். அதுவே இந்தக் குடியிருப்புக்குப் பெயராயிற்று. திட்டுக்குள்ளும் ஊர்வாரியாகத்தான் குடியேறினார்கள்: சின்போக்காரர்கள் ஒரு பக்கம், தான்சோன்காரர்கள் ஒரு பக்கம், ஹோங்வொன்காரர்கள் ஒரு பக்கம். தெருக்களுக்கும் அந்த ஊர்ப் பெயர்களே. திரும்பிப் போகும்போது ஒன்றாகப் போவதற்கு வசதி என்று நினைத்திருக்கலாம். தெரிந்த முகங்கள் பக்கத்தில் இருக்கட்டும் என்றும் இருக்கலாம்.

மணல்திட்டிலிருந்து ஊரின் கடைவீதிக்குப் போக நடுவில் ஒரு கால்வாய். சுற்றிப் போனால் நெடுந்தூரம். குறுக்கே போனால் ஐம்பது மீட்டர் போல. அதற்குத்தான் கெட்பே, அந்த இழுவைப் படகு. படகு என்று சொல்வதைவிட மிதக்கும் மேடை என்று சொல்லலாம். இரண்டு கரைக்கும் நடுவே ஓர் எஃகுக் கம்பி. படகில் இருப்பவர் கையில் ஓர் இரும்புக் கொக்கி. கொக்கியைக் கம்பியில் மாட்டிக்கொண்டு முன்னாலிருந்து பின்னால் நடக்க வேண்டும். நாம் பின்னால் நடக்க நடக்க மேடை முன்னால் போகும். எஞ்சின் கிடையாது. கட்டணம் 500 வோன். "காசும் கொடுத்து நாமே இழுக்கணுமா?" என்று கணவர் தமிழில் முணுமுணுத்துவிட்டு, கொக்கியை வாங்கி ஆசையாக இழுத்தார். படகோட்டி அவருக்குப் பின்னால் நின்று ஒரு கையால் சாதாரணமாக இழுத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தபோது, படகு யாருடைய பலத்தில் நகர்கிறது என்று புரிந்தது. தலைக்கு மேல் பாலத்தில் கார்கள் போய்க்கொண்டிருந்தன. எங்களோடு இரண்டு கல்லூரி ஜோடிகளும், வெங்காயத்தாளும் டோஃபுவும் நீட்டிக்கொண்டிருந்த பையோடு ஒரு பாட்டியும். பாட்டி போட்டோ எடுக்கவில்லை. பாலத்துக்கு ஏறுவதைவிட இது முட்டிக்கு நல்லது என்றார், நான் கேட்காமலே.

சுவரில் எழுதியிருந்தது

மதிய வியாபாரம் முடிந்து சாயங்காலக் கூட்டம் தொடங்காத நேரத்தில் ஒரு கடைக்குள் போனோம். அபாயி சுண்டேயும் கணவாய் சுண்டேயும் ஒரே தட்டில் பாதிப் பாதி. முதலாவது பன்றியின் பெருங்குடலுக்குள் ஒட்டரிசி, காய்கறி, ரத்தம் சேர்த்து அடைத்து அவித்தது. நம்மூரில் குடல் குழம்பும் ரத்தப் பொரியலும் சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு இதில் முகம் சுளிக்க ஒன்றுமில்லை. கணவர் என் பங்கையும் சேர்த்து எடுத்துக்கொண்டார். கூடவே சின்னக் கிண்ணத்தில் காஜாமி சிக்கே: தட்டை மீனைத் தினைச்சோறும் மிளகாய்த்தூளும் சேர்த்துப் புளிக்கவைத்தது, ஹாம்கியோங் பக்கத்துப் பழக்கம். வாயில் வைத்தால் முதலில் காரம், அப்புறம் புளிப்பு, கடைசியில் மீன் முள் நறநறவென்று கரையும். அது எனக்குப் பிடித்துப்போய் இன்னொரு கிண்ணம் கேட்டேன். அந்தக் கேள்வியில்தான் கடைக்கார அம்மாவுக்கு எங்கள்மேல் ஆர்வம் வந்தது. வெளிநாட்டுக்காரர்கள் யாரும் அதை இரண்டாவது முறை கேட்பதில்லையாம்.

அறுபது தாண்டியவர். நாங்கள் கூப்பிட்டது கொரியக் கடைகளில் எல்லோரும் கூப்பிடுவதுபோல "இமோ", சித்தி முறை. பக்கத்து மேசையில் உட்கார்ந்து மறுநாளைக்கான கணவாயை அடைத்துக்கொண்டிருந்தார். கால்களைப் பிடுங்கிக் குடலெடுத்த கணவாய், கையுறை விரல்போல வெறும் பை. உள்ளே கொஞ்சம் மாவைத் தூவி உதறுவார். இல்லாவிட்டால் அறுக்கும்போது பூரணம் தனியே கழன்றுவிடும். அந்தக் கணவாயின் கால்களையே பொடியாக நறுக்கி, ஒட்டரிசி, டோஃபு, கேரட், வெங்காயம் எல்லாவற்றோடும் பிசைந்து வைத்திருந்தார். முக்கால் பை வரைதான் அடைக்கிறார். அவிக்கும்போது கணவாய் சுருங்கும், நிறைய அடைத்தால் வெடித்துவிடும். வாயைப் பல்குத்தும் குச்சியால் தைத்து மூடுகிறார். அவித்து ஆறவைத்து, யாராவது கேட்டபோது வட்டமாக அறுத்து, முட்டையில் தோய்த்துச் சுடுகிறார். பேசிக்கொண்டே இதையெல்லாம் கையைப் பார்க்காமலே செய்தார்.

கணவாய் இந்தக் கடலில் பிடித்ததா என்று கேட்டேன். எதிர் மேசைக்காரர் அப்போது இன்னும் வாய் திறக்கவில்லை. சும்மா ஒரு சுற்றுலாப் பயணியின் கேள்விதான். இமோ மோவாயால் சுவரைக் காட்டினார். கொரியாவில் உணவகங்கள் முக்கியமான பொருட்கள் எந்த நாட்டிலிருந்து வந்தவை என்று எழுதி மாட்ட வேண்டும், சட்டம். பன்றி இறைச்சி உள்நாடு, மியோங்தே மீன் ரஷ்யா என்று வரிசையாகப் போய், கணவாய் என்ற இடத்தில் மட்டும் பழைய எழுத்தின் மேல் வெள்ளைக் காகிதம் ஒட்டி வேறு எழுதியிருந்தது. "இந்த வருஷம் கணவாய்க்குப் போன படகுக்கு டீசல் காசுகூட வரல" என்றார். கடல் சூடாகிவிட்டது, கணவாய் வேறு பக்கம் போய்விட்டது, இப்போது உறைந்த பெட்டிகளில் வருகிறது. அதற்கு முன்னால் மியோங்தே போனதைப்போல.

மியோங்தே போன கதை பெரியது. குளிர்ந்த நீரில் வாழும் மீன். அதைப் பிடிப்பதில் ஹாம்கியோங் மீனவர்கள் பேர்போனவர்கள். மணல்திட்டில் குடியேறியவர்களை அந்த மீன்தான் காப்பாற்றியது. 1970-லிருந்து அதன் குஞ்சுகளையும் பிடிக்க அரசு அனுமதித்தது. 1980-களின் தொடக்கத்தில் பிடிபடும் அளவு ஆண்டுக்கு ஒரு லட்சம் டன்னைத் தாண்டியது, அதன் பிறகு சரிந்தது, 2000-களின் கடைசியில் ஏறக்குறைய ஒன்றுமில்லை என்றானது. 2014-ல் அரசு சார்பில் கிழக்குக் கடற்கரையெங்கும் சுவரொட்டி ஒட்டினார்கள்: வீட்டை விட்டுப் போன மியோங்தேயைத் தேடுகிறோம், உயிரோடு கொண்டுவந்தால் 5 லட்சம் வோன். முட்டையெடுத்துக் குஞ்சு பொரிக்கவைக்கத்தான். 2019-லிருந்து அந்த மீனைப் பிடிக்கவே தடை. நாடு முழுக்கச் சூப்பிலும் குழம்பிலும் கருவாட்டிலும் தின்பது பெரும்பாலும் ரஷ்யக் கடல் மீன்.

இமோ பிறந்தது தென்மேற்கே, ஜொல்லா பக்கம். ஹாம்கியோங்கோடு அவருக்கு எந்தச் சம்பந்தமும் இல்லை, மாமியார் வழியாக வந்ததைத் தவிர. மாமியார் சின்போவிலிருந்து வந்தவர். அவருடைய ஊரில் குளிர்காலத்தில் மியோங்தேயின் வயிற்றைச் சுத்தம் செய்து, அதற்குள் அரிசியும் காயும் அடைத்து, வெளியே தொங்கவிட்டு உறையவைத்துச் சாப்பிடுவார்களாம். மணல்திட்டுக்கு வந்தபோது பன்றிக் குடலுக்குக் காசில்லை, மியோங்தேயை விற்றால்தான் அரிசி, கணவாய் மட்டும் மலிவாகக் கிடந்தது, அதற்குள் அடைத்தார்கள். "அப்ப இது வடக்குச் சாப்பாடு இல்லையா?" என்று கேட்டேன். "வடக்குக்காரங்க சாப்பாடு" என்றார்.

மாமியாரிடம் சமையலைக் கற்றுக்கொண்டது எப்படி என்று கேட்டபோதுதான் இமோவின் கை முதல் தடவையாக நின்றது. கற்றுக்கொடுக்கவே இல்லையாம். செய்து வைத்தால் சாப்பிட்டுப் பார்த்து, "இது இல்லை" என்பார். உப்பா, காரமா, அரிசியா என்று கேட்டால் பதில் வராது. அடுத்த தடவை வேறு மாதிரி செய்தால் அதற்கும் "இது இல்லை". இருபது வருடத்துக்கு மேல் அந்தம்மா ஒருநாள்கூடச் சரியாக இருக்கிறது என்று சொன்னதில்லை. கோபமாக வராதா என்று கேட்டேன். தொடக்கத்தில் அழுதிருக்கிறாராம். "ஆனா ஒருநாளும் தட்டுல மிச்சம் வெச்சதில்லை" என்றார். அவரே செய்தாலும் அதேதானாம்: ருசி பார்ப்பார், இல்லையென்று தலையை ஆட்டுவார், உட்கார்ந்து முழுக்கச் சாப்பிடுவார்.

மாமியார் தங்கையை வடக்கே விட்டுவிட்டு வந்தவர். பிரிந்த குடும்பங்கள் சந்திப்புக்கு விண்ணப்பம் போட்டிருந்தார். அப்படி விண்ணப்பித்தவர்கள் தென்கொரியாவில் 1,30,000 பேருக்கு மேல். கணினிக் குலுக்கலில் பெயர் வந்தால்தான் உண்டு. ஒவ்வொரு முறையும் போக முடிந்தது கொஞ்சம் பேர். சந்திப்பு கும்காங் மலையில் நடக்கும். முதல் நாள் எல்லோரும் சொக்சோவில்தான் கூடுவார்கள்; மறுநாள் காலை இங்கிருந்து பஸ்ஸில் எல்லை தாண்டுவார்கள். அந்த பஸ்கள் கிளம்புவதை அந்தம்மா போய்ப் பார்த்துவிட்டு வருவாராம். அவருடைய பெயர் வரவில்லை. கடைசிச் சந்திப்பு நடந்தது 2018 ஆகஸ்டில். அதற்கு முன்பே அவர் போய்விட்டார். சந்திப்புக்கென்று கும்காங்கில் கட்டியிருந்த கட்டடத்தை வடகொரியா இடித்துக்கொண்டிருக்கிறது என்று 2025 பிப்ரவரியில் தென்கொரிய அரசு அறிவித்தது.

இதைச் சொல்லிவிட்டு இமோ கணவாயை எடுத்து மறுபடி அடைக்கத் தொடங்கிவிட்டார். கணவர் தட்டில் மிச்சமிருந்த ஒரு துண்டை என்னைப் பார்த்தபடி மெல்ல எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

ராட்டினத்தை என்ன செய்வது

எதிர் மேசைக்காரர் பட்டியல் போட்டபோது எனக்கு இமோவின் மாமியார் சொன்ன "இது இல்லை"தான் ஞாபகம் வந்தது. அங்கே எதுவும் அசல் இல்லை என்பதை முதலில் சொன்னவர்களே அந்த மணல்திட்டுக்காரர்கள்தானே. மியோங்தேக்குப் பதில் கணவாய், ஊர்க் கணவாய்க்குப் பதில் உறைந்த கணவாய், மாமியாருக்குப் பதில் ஜொல்லாக்காரி. ஒவ்வொன்றும் இல்லாத ஒன்றின் இடத்தில் வந்து உட்கார்ந்தது. அதைச் சுவரிலேயே எழுதியும் வைத்திருக்கிறார்கள். நாம் வார விடுமுறைக்குப் போய், இரண்டு நாளில் மாறாத ஏதோ ஒன்றைத் தொட்டுவிட்டு வர வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். அந்த எதிர்பார்ப்புதான் எனக்குக் கொஞ்சம் சின்னப்பிள்ளைத்தனமாகத் தெரிகிறது.

ஆனால் இப்படி யோசித்தால் எல்லாவற்றையும் மன்னித்துவிட வேண்டியிருக்கும், அங்கே எனக்கு இடிக்கிறது. சொக்சோ கடற்கரையில் 2022-ல் ஒரு ராட்சத ராட்டினம் வந்தது. ஊரில் எங்கே நின்றாலும் தெரியும். இரண்டே வருடத்தில் நகர நிர்வாகமே அனுமதியை ரத்து செய்து, அகற்றச் சொல்லி உத்தரவு போட, விவகாரம் கோர்ட்டுக்குப் போனது. கடலைப் பார்த்தபடி வரிசையாக எழும்பும் அடுக்குமாடிகள் வேறு. வார இறுதியில் மட்டும் விளக்கெரியும் வீடுகள் அவற்றில் நிறைய. பின்வரிசை வீடுகளுக்குக் கடல் போய்விட்டது. அவையும் ஏதோ ஒன்றின் இடத்தில் வந்து உட்கார்ந்தவைதானே? கணவாய் சுண்டேக்கு ஒரு நியாயம், ராட்டினத்துக்கு ஒரு நியாயமா?

ஆமாம், இரண்டு நியாயம்தான் என்று இப்போதைக்கு நினைக்கிறேன். அதற்குக் காரணம் ஒரு படகுப் பட்டறை. சோங்சோ ஏரிக்கரையில் சில்சோங் என்றொரு பட்டறை இருக்கிறது. 1952-ல் வடக்கே வொன்சானிலிருந்து வந்த ஓர் அகதி தொடங்கியது. முதலில் வைத்த பெயரே வொன்சான் படகுப் பட்டறைதான். மரப்படகு கட்டினார்கள். கண்ணாடியிழைப் படகுகள் வந்ததும் மரத்துக்கு வேலை குறைந்தது, அப்புறம் மீனும் குறைந்தது, 2017-ல் மூடினார்கள். மறுவருடம் அதே குடும்பத்தின் அடுத்த தலைமுறை அதைக் காபிக்கடையாகத் திறந்தது. இன்ஸ்டாகிராமுக்குத் தோதான இடம் என்பதால் சனிக்கிழமை உட்கார நாற்காலி கிடைக்காது. படகுகளைத் தண்ணீரிலிருந்து இழுத்து ஏற்றும் தண்டவாளம் முற்றத்தின் நடுவே அப்படியே ஏரிக்குள் இறங்குகிறது. குழந்தைகள் அதில் நின்று சமநிலை பார்த்து விளையாடுகிறார்கள். காபி சுமார்தான், அந்த விஷயத்தில் எதிர் மேசைக்காரர் சொன்னது சரி. ஆனால் படகு கட்டியவர்கள் வீட்டுப் பிள்ளைகள், படகு கட்ட முடியாமல் போன இடத்தில், அடுத்து என்ன செய்யலாம் என்று தாங்களே யோசித்துச் செய்தது அது. இழந்தவர்கள் கையில் இருந்ததை வைத்து இட்டு நிரப்பியது ஒன்று. இங்கே எதையும் இழக்காதவர்கள் காலி இடம் இருக்கிறதே என்று வந்து கட்டிவிட்டுப் போவது இன்னொன்று. இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போடக் கூடாது.

இது ஓட்டையில்லாத வாதம் இல்லை. இமோவின் கடைக்கு வரும் கூட்டத்தில் பாதி அந்த அடுக்குமாடிகளிலிருந்தும் ராட்டினத்திலிருந்தும் வருவதுதான். சீரியல் படப்பிடிப்பு நடக்கவில்லையென்றால் அந்தக் கடைத்தெரு எப்போதோ மூடியிருக்கும் என்று அவரே சொன்னார். நானும் கணவரும் யார்? பஸ்ஸில் வந்து, ஒரு தட்டைக் காலி செய்து, ஒரு குடும்பத்தின் கதையை இலவசமாகக் கேட்டுக்கொண்டு போனவர்கள்தானே. அந்தக் கதையை அவர் எத்தனை வாடிக்கையாளர்களிடம் சொல்லியிருப்பாரோ. பல தடவை சொல்லிச் சொல்லி மெருகேறிய கதையாகவும் இருக்கலாம். இருந்தாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை.

இதையெல்லாம் எதிர் மேசைக்காரரிடம் சொல்லிப் பார்த்தேன், சுருக்கமாக. பொறுமையாகக் கேட்டார். அவருடைய பாட்டி வடக்கே ஹாம்ஹுங்காரராம், அன்றுதான் சொன்னார். வீட்டில் குளிர் நூடுல்ஸ் என்றாலே ஒரு சண்டை நடக்குமாம். சொக்சோ கடைகளில் போடும் நூடுல்ஸை அந்தப் பாட்டி கடைசி வரை ஏற்றுக்கொள்ளவே இல்லை. அசல் கிடையாது என்ற வாக்கியம் அவருக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்கு அப்போது லேசாகத் தெரிந்தது. பாட்டி தட்டில் மிச்சம் வைப்பாரா என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் மேலாளர் வந்துவிட்டார்.

அடுத்த மாற்றம் வந்துகொண்டிருக்கிறது. சொக்சோவுக்கு இப்போது ரயில் கிடையாது. போருக்கு முன்னால் இருந்தது, வடக்கே அன்பியோனிலிருந்து சொக்சோ வழியாக யாங்யாங் வரை. போரில் போனது திரும்ப வரவில்லை. சுன்சோனிலிருந்து சொக்சோ வரை விரைவு ரயில் பாதைக்கு 2022-ல் அடிக்கல் நாட்டினார்கள். முடிந்தால் சியோலிலிருந்து ஒன்றரை மணி நேரம் சொச்சம். காங்நுங்கிலிருந்து எல்லையோரம் உள்ள ஜெஜின் வரை இன்னொரு பாதையும் இந்த ஊர் வழியாகத்தான் போகப்போகிறது. எங்கள் விடுதிக்காரர் கல்லாப் பக்கத்தில் அந்த வரைபடத்தை ஒட்டி வைத்திருந்தார். ஊருக்கு நல்லதுதானே என்று கேட்டேன். நல்லதுதான், ஆனால் ஒன்றரை மணி நேரத்தில் வருகிறவன் எதற்கு ராத்திரி தங்குவான் என்று திருப்பிக் கேட்டார். காலையில் வந்து, மலையையும் கடலையும் பார்த்து, கோழி வாங்கிக்கொண்டு சாயங்காலம் வீட்டுக்குப் போய்விடுவான். அதனால் கீழ்த்தளத்தில் இருக்கும் இரண்டு அறைகளைக் காலி செய்து, மணிக்கணக்கில் லக்கேஜ் வைக்கும் இடமாக வாடகைக்கு விட உத்தேசமாம். ஸ்டேஷன் எந்தப் பக்க வாசலோடு திறக்கும் என்பது மட்டும் தெரிந்துவிட்டால் போதும், அலமாரிக்கு ஆர்டர் கொடுத்துவிடுவேன் என்றார்.